வீட்டு முற்றத்தில் பழைய பீரங்கி: "எல்லாம் டம்மிதான்" என்று சொன்னால் போதுமா?

கிழக்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் பழைய ராணுவத் தளவாடங்களைச் சேகரித்து வைத்திருக்கிறார். வேலியை ஒட்டிச் சக்கரம் வைத்த பீரங்கி ஒன்று, அதற்குப் பின்னால் கவச வண்டி ஒன்று, முன்கூடத்தில் இடுப்புயரம் வரும் ஷெல்கள், அதாவது பீரங்கிக் குண்டுகள், ஒரு வரிசை. வாரக் கடைசியில் கேட்டைத் திறந்து வைப்பார். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மனிதர் நல்லவர். ஒவ்வொன்றும் எந்தப் போரில் இருந்தது, எந்த ஆலையில் வார்த்தது என்று பொறுமையாகச் சொல்வார்.

ஆனால் தெருவில் பேச்சு முற்றிவிட்டது. "வெடித்தால் யார் பொறுப்பு" என்று ஒரு சாரார். "நூறு வருஷத்து இரும்பு, அது என்ன செய்துவிடும்" என்று இன்னொரு சாரார். எல்லாவற்றையும் அகற்றச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வந்தது, இன்னும் போடவில்லை. அவரிடம் நேரிலேயே கேட்டேன். "எல்லாம் டம்மிதான், கவலைப்படாதீர்கள்" என்றார். யார் சோதித்துச் சொன்னது என்றேன். வாங்கும்போதே விற்றவர் சொன்னாராம். அந்தப் பதில்தான் உறுத்துகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? அவரிடம் நான் வேறு என்ன கேட்க வேண்டும்?

---

பழைய_பித்தளை

நானும் சேகரிப்பவன்தான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் பீரங்கியையும் ஷெல்லையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பீரங்கி என்பது ஒரு இரும்புக் குழாய். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை என்று யார் பார்த்தார்கள்? அதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதை நீங்கள் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பீரங்கி ஒன்று உண்டு. ஹஸ்ஸார் என்ற போர்க்கப்பலோடு மூழ்கியது என்பார்கள். 1860களில் நகரத்துக்கு நன்கொடையாக வந்து, நூறு ஆண்டுக்கும் மேலாகப் பொதுமக்கள் பார்வைக்கு நின்றது. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் விளையாடியிருக்கும் என்று யோசியுங்கள். பிறகு உள்ளே எடுத்து வைத்தார்கள். 2013 ஜனவரியில் துருவைச் சுத்தம் செய்வதற்காக வாயில் அடைத்திருந்த சிமென்ட் கட்டியை எடுத்தபோது, உள்ளே குண்டு, பஞ்சு அடைப்பு, அதற்கும் பின்னால் ஏறக்குறைய 800 கிராம் கருமருந்து, அதாவது பழைய காலத்து வெடித்தூள். வெடிகுண்டுப் பிரிவு வந்து மருந்தை எடுத்துப் போனது. இன்னமும் பற்றக்கூடிய நிலையில்தான் இருந்தது என்று காவல் துறையே சொன்னது.

அதனால்தான் வாய் அடைத்த பீரங்கியைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வராது. சந்தேகம்தான் வரும். யாரோ ஒருவர் உள்ளே பார்க்காமலே அடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய பீரங்கிக்கு நாங்கள் செய்யும் சோதனை எளிது. நேரான மரக்கழியை வாய் வழியாக உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்துக்கொள்வோம். அதே நீளத்தை வெளியே குழலின் மேல் வைத்துப் பார்ப்போம். கழியின் முனை, குழலின் பின்கோடியில் மருந்தைப் பற்றவைக்கும் திரித்துளை வரைக்கும் எட்ட வேண்டும். ஒரு முழம் முன்னாலேயே முட்டி நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உங்கள் தெருக்காரர் வைத்திருப்பது பின்பக்கம் திறக்கிற ரகமாக இருந்தால் இன்னும் சுலபம். பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். திறக்கவே முடியவில்லை, துருப்பிடித்து இறுகிவிட்டது என்றால் அதைக் காலி என்று சொல்லும் தகுதி அவருக்கும் கிடையாது.

ஷெல் விஷயம் வேறு. அதை என்னைவிடத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

முன்னாள்_சேப்பர்

பழைய_பித்தளை சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்தக் கழிச் சோதனையைத் தெருவாசிகள் செய்ய வேண்டாம். வைத்திருப்பவரும் தனியாகச் செய்ய வேண்டாம். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

நான் வெடிபொருள் அகற்றும் வேலையில் பணிக்காலம் முழுக்க இருந்தவன். முன்கூடத்தில் வரிசையாக நிற்கின்றன என்றீர்களே, என் கவலை முழுக்க அங்கேதான்.

ஒரு முழு ஷெல் என்பது நான்கு பொருள். அடியில் ஊசி குத்தியதும் தீப்பொறி கிளப்பும் சின்னதாக ஒரு கேப், பித்தளை உறைக்குள் குண்டைத் தள்ளிவிடும் உந்துமருந்து, மேலே எஃகுக் குண்டு, அதன் மூக்கில் அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ். இந்த நான்கும் தனித்தனியாக உயிரோடு இருக்கலாம். பெரும்பாலானவர்கள் குண்டை உறையிலிருந்து பிரித்து, பித்தளை உறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு "டம்மி" என்று சொல்லிவிடுகிறார்கள். மேலே இருக்கிற குண்டுக்குள் கிலோக்கணக்கில் வெடிமருந்து அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"பழசாகிவிட்டது, இனி வெடிக்காது" என்பது நான் கேட்டதிலேயே ஆபத்தான வாக்கியம். சில மருந்துகளுக்கு வயது ஏற ஏறக் குணம் கெடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து முதல் உலகப்போர் வரை பல நாடுகள் ஷெல்லில் பிக்ரிக் அமிலம் நிரப்பின. பிரெஞ்சுக்காரர்கள் மெலினைட் என்றார்கள், பிரிட்டிஷார் லிட்டைட் என்றார்கள், சரக்கு ஒன்றுதான். அது உலோகத்தோடு சேர்ந்து நாளடைவில் பிக்ரேட் என்ற உப்புகளை உண்டாக்கும். அவை உராய்வுக்கும் தட்டலுக்கும் மூல மருந்தைவிடச் சீக்கிரம் வெடிக்கும். உந்துமருந்தான நைட்ரோசெல்லுலோஸும் அப்படித்தான். தானாகவே மெல்லச் சிதைந்து அமிலப் புகையை விடும், அந்தச் சிதைவே சூட்டைக் கிளப்பும். பிரெஞ்சுக் கடற்படையின் போர்க்கப்பல்களான இயேனா 1907இலும் லிபர்த்தே 1911இலும் துலோன் துறைமுகத்தில் நின்றபடியே வெடித்ததற்கு, கெட்டுப்போன உந்துமருந்தே காரணம். எதிரி யாரும் சுடவில்லை.

கருமருந்து வேறு மாதிரி. அது கெடுவதே இல்லை என்று சொல்லலாம். ஈரத்தில் ஊறினால் பற்றாது, சீல் சரியாக இருந்து உள்ளே காய்ந்தே இருந்தால் 150 ஆண்டு கழித்தும் பற்றும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துக் கடற்படைக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு வாசலில் வைத்துச் சீர்செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் இறந்துபோனார். 75 பவுண்டு எடையுள்ள குண்டு. ஒரு சில்லு கால் மைல் பறந்து இன்னொரு வீட்டின் முகப்பைத் துளைத்தது. அவர் புதியவர் அல்ல. நூற்றுக்கணக்கில் அப்படிச் செயலிழக்கச் செய்து பழகிய கை. அந்தக் கால் மைல்தான் தெருக்காரர்களுக்கும் இதில் பேச உரிமை தருகிறது.

அப்புறம், வண்ணத்தை நம்பாதீர்கள். பயிற்சிக் குண்டுக்கு ஒரு நிறம், மெய்க் குண்டுக்கு ஒரு நிறம் என்பது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும். அதற்கு மேல் சேகரிப்பவர்களே அழகுக்காகப் புதுப் பூச்சுப் பூசி, பழைய எழுத்துகளை மறைத்துவிடுகிறார்கள். நான் பார்க்க விரும்புவது ஓட்டையை. குண்டின் பக்கவாட்டில் துளை போட்டு, உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் உலோகம் தெரிய வேண்டும். மூக்கில் ஃபியூஸ் இருந்த இடம் திறந்திருந்து, டார்ச் அடித்தால் அடி தெரிய வேண்டும். உறையின் அடிக் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும், அல்லது கேப்பே இருக்கக் கூடாது. இதெல்லாம் ஏற்கெனவே அப்படி இருக்கிறதா என்று தள்ளி நின்று கண்ணால் பார்ப்பதற்கு மட்டும். இல்லையென்றால் நீங்களே துளை போடுவதோ, திருகிக் கழற்றுவதோ, தட்டுவதோ, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதோ கூடவே கூடாது.

---

நேர்ப்பேச்சு

இவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் தனியார் வீட்டில் அது எதற்கு? அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடட்டும். பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். ஒருவருடைய ஆசைக்காக ஒரு தெருவே பதறிக்கொண்டு இருக்க வேண்டுமா? கிழக்குவாசல், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

---

நிலாமுற்றம்

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் போருக்குள் வளர்ந்தவள். எங்கே என்பது வேண்டாம். எறிகணை வரும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தெரிந்த குழந்தைகள் நாங்கள். இப்போது நான் இருக்கும் இடத்தில் ஒரு வீட்டின் முன் ஒரு பீரங்கி நிற்கிறது. அது வெடிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே காலி என்பதையும் அந்த வீட்டுக்காரர் காட்டிவிட்டார். ஆனாலும் அதன் வாய் சரியாக நடைபாதையைப் பார்த்தபடி, நெஞ்சு மட்டத்தில் நிற்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதற்கு முன்னால் கடக்கும் ஒவ்வொரு முறையும் என் கால் தானாக வேகமெடுக்கிறது.

பயம் என்றால் வெடிக்குமா என்ற பயம் மட்டுமல்ல. அதைக் கணக்கில் எடுக்காமல் "காலிதானே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனால், பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்துப்போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வரலாறு மறந்துபோவதிலும் எனக்கு விருப்பமில்லை. வாயை எங்கள் பக்கம் காட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

---

பழைய_பித்தளை

நிலாமுற்றம் அக்கா, நன்றி. எங்கள் வட்டத்தில் நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை. பீரங்கியைத் தெருவைப் பார்த்து நிறுத்துவதற்குக் காரணம் புகைப்படத்தில் கம்பீரமாகத் தெரியும் என்பதுதான், வேறொன்றும் இல்லை. குழலைக் கட்டிடத்தின் பக்கம் திருப்பிவிட்டு, முடிந்த மட்டும் தாழ்த்தி, வாய்க்கு ஒரு மர மூடி போட்டால் அந்தப் பொருளின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. சக்கரம் வைத்த பீரங்கியை நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் திருப்பிவிடலாம். அந்த வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் இதே வரிகளைக் காட்டுங்கள்.

நேர்ப்பேச்சு, உங்களுக்கு என் பதில் வேறு. அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்பது சொல்ல எளிது. டன் கணக்கில் எடையுள்ள பொருளை வைக்க இடம், கூரை, பராமரிக்க ஆள் வேண்டும். பல அருங்காட்சியகங்கள் ஏற்கெனவே இருப்பதையே கிடங்கில்தான் வைத்திருக்கின்றன. தனியார் எடுத்து வைக்காமல் போயிருந்தால் பழைய இரும்புக்கு உடைபட்டுப் போயிருக்கும் வண்டிகள் ஏராளம். கலிபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்ட் 200க்கு மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் சேர்த்தார். போலந்தில் ஆற்றுக்குள் கிடந்த ஜெர்மன் பாந்தர் டாங்கியைக் கொண்டுவந்து பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைக்க வைத்தார். 2009இல் அவர் இறந்த பிறகு 2014இல் பெரும்பகுதி ஏலத்துக்குப் போனது; முக்கியமானவற்றை இன்று மாசசூசெட்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் யாரும் பார்க்கலாம். தனியார் ஆசை பொதுச் சொத்தாக முடிந்த கதை அது.

இன்னொரு பாந்தர் கதையும் உண்டு. ஜெர்மனியின் ஹைக்கன்டோர்ஃப் ஊரில் ஒரு வீட்டு நிலவறையில் அது இருந்தது. கூடவே 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி, ஒரு டார்ப்பீடோ, வெடிபொருட்கள். வீட்டுக்காரர் 1978 பனிக்காலத்தில் அந்த டாங்கியை வெளியே ஓட்டியதை ஊரே பார்த்திருக்கிறது. ஆனாலும் 2015 ஜூலையில்தான் ராணுவத்தினர் ஏறக்குறைய 20 பேர் ஒன்பது மணி நேரம் போராடி அதை வெளியே இழுத்தார்கள். 2021இல் நீதிமன்றம் அவருக்கு விதித்த 14 மாதச் சிறையை நிறுத்திவைத்து, 2,50,000 யூரோ செலுத்தச் சொன்னது.

முதல் சேகரிப்பு வெளிச்சத்தில் இருந்தது, இரண்டாவது நிலவறையில் இருந்தது. உங்கள் மனு சேகரிப்பவரை நிலவறைக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். கேட்டைத் திறந்து வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்கலாம். பூட்டி வைத்துக்கொண்டவரிடம் கேட்கவே முடியாது.

---

சட்டப்பக்கம்

"பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அதனால் சுருக்கமாக.

எது பழசு என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கோடு. அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்தது. பிரிட்டனில் 2021 முதல் 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாகவும் இருக்க வேண்டும், அதன் தோட்டா ரகம் வழக்கொழிந்தவற்றின் பட்டியலிலும் இருக்க வேண்டும், காட்சிப் பொருளாக மட்டுமே வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் 45வது பிரிவில் வேறு வழியில் போகிறது: வழக்கொழிந்த, தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதமாக இருந்தாலும், பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருந்தால்தான் விலக்கு. ஆண்டைவிட நிலையைப் பார்க்கும் இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த விதிகள் இறுகியதற்குக் காரணம் உண்டு. 2015 ஜனவரி பாரிஸ் தாக்குதலில், செயலிழக்கச் செய்ததாக விற்கப்பட்டு மீண்டும் சுடும்படி மாற்றப்பட்ட துப்பாக்கிகள் பயன்பட்டன. அதற்குப் பின்தான் ஐரோப்பிய ஒன்றியம், செயலிழக்கச் செய்வது என்றால் எந்தெந்தப் பாகத்தை வெட்ட வேண்டும், எதைப் பற்றவைத்து மூட வேண்டும் என்று ஒரே அளவுகோல் கொண்டுவந்தது. 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பிரிட்டனில் பழங்காலக் கைத்துப்பாக்கிகளை வரவழைத்து, அவற்றுக்குப் பொருந்தும் தோட்டாவைத் தானே செய்து விற்ற ஒரு வியாபாரிக்கு 2017இல் 30 ஆண்டுச் சிறை.

ஆகவே, கிழக்குவாசல், நீங்கள் கேட்க வேண்டியது காகிதம். செயலிழக்கச் செய்ததற்குச் சான்றிதழ் உண்டா, பொருளின் மேல் அடித்திருக்கும் எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றா, எந்த அலுவலகத்தில் பதிவு என்பதையெல்லாம் கேளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். துப்பாக்கி, பீரங்கிக்குத் தரும் விலக்கு அநேகமாக எங்கேயும் வெடிமருந்துக்குக் கிடையாது. மருந்து நிரம்பிய ஷெல் எந்த ஆண்டில் செய்ததாக இருந்தாலும் வெடிபொருள்தான்.

---

கிழக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. நிலாமுற்றம், நீங்கள் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டப்போகிறேன்.

கவச வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது ஓடுகிற நிலையில் இருக்கிறது. மேல்மூடியைத் திறந்துதான் வைத்திருப்பார், பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். யாராவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

---

முன்னாள்_சேப்பர்

நடந்திருக்கிறது. 2006 அக்டோபர் 23, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டுக்காகத் தெருவில் டி-34 டாங்கியைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். போராட்டம் வெடித்தபோது கூட்டத்தில் ஒருவர் ஏறிக் கிளப்பிக் காவலர்களை நோக்கிச் சிறிது தூரம் ஓட்டிவிட்டார். சுடும் குண்டு கிடையாது, ஆனால் எடையே போதுமே. 2014இல் கிழக்கு உக்ரைனின் கான்ஸ்டன்டினிவ்கா நகரில் நினைவுப் பீடத்தின் மேல் நின்றிருந்த ஐ.எஸ்.-3 டாங்கியின் எஞ்சினை உயிர்ப்பித்துக் கீழே இறக்கினார்கள். சிலை என்று எல்லோரும் நினைத்திருந்த பொருள் அது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வைக்கட்டும். டீசலை வடிக்கட்டும். மேல்மூடிக்கு வெளியிலிருந்து பூட்டு. கிளப்பிக் காட்டும் நாளில் மட்டும் திரும்ப மாட்டலாம்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. 2017இல் பிரிட்டனில் ஒரு சேகரிப்பாளர் இராக்கிலிருந்து வந்த டாங்கியைப் பிரித்தபோது முதலில் தோட்டாக்கள் கிடைத்தன. எரிபொருள் தொட்டிக்குள் இன்னும் ஆயுதம் இருக்கலாம் என்று எண்ணிப் படம்பிடித்தபடியே திறந்தார்கள். கிடைத்தவை ஐந்து தங்கக் கட்டிகள். செய்தியில் தங்கம் பெரிதாக வந்தது. எனக்கு முக்கியம், அத்தனை கை மாறி வந்த வண்டிக்குள் தோட்டாக்கள் அப்படியே இருந்தன என்பது.

---

ஐந்தாம்_வகுப்பு

ஆசிரியை நான். பிள்ளைகளை இப்படிப்பட்ட காட்சிகளுக்குக் கூட்டிப்போவதை நான் விரும்புகிறேன். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் போர், இரும்பாக முன்னால் நிற்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு. அதனால்தான் கண்டிப்பாகவும் இருக்கிறேன்.

கவச வண்டியின் மேல்மூடி ஒவ்வொன்றும் பெரியவர்களே இரண்டு கையால் தூக்கும் கனம். தாங்கி நிற்கும் கொக்கி தேய்ந்திருந்தால் விரலோடு போகும். கவச வண்டியால் எனக்குத் தெரிந்த முதல் ஆபத்து இதுதான், வெடிப்பு அல்ல. மூடியைத் திறந்து காட்டலாம், கொக்கியோடு ஒரு கம்பியும் குறுக்கே போட்டால் போதும்.

இன்னும் இரண்டு. பழைய டாங்கி, விமானங்களின் கடிகார முள்ளும் அளவிகளும் இருட்டில் ஒளிர, கதிரியக்கப் பொருளான ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றுபோனாலும் ரேடியம் போவதில்லை. தேய்ந்துபோவது அதோடு கலந்த ஒளிர்பொருள்தான். ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டு, அதாவது அது பாதியாகக் குறையவே அவ்வளவு காலம் ஆகும். கண்ணாடி முழுதாக இருக்கும் வரை எட்டி நின்று பார்ப்பதில் பெரிய அபாயம் இல்லை, உடைந்த அளவிகளைப் பிள்ளைகள் தொடக் கூடாது. இரண்டாவது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வாயுமுகமூடி. அவற்றில் பலவற்றின் வடிகட்டியில், மூச்சில் போனால் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. பிள்ளைகள் கையில் எடுத்ததும் முதலில் செய்வது முகத்தில் மாட்டிப் பார்ப்பதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். போட்டுப் பார்க்கக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

---

நேர்ப்பேச்சு

சரி, அருங்காட்சியகம் பற்றி நான் சொன்னதை விடுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவ்வளவு சோதனையும் சான்றிதழும் அந்த மனிதரின் நல்லெண்ணத்தை நம்பித்தானே நிற்கிறது? அவர் மாட்டேன் என்றால்?

---

பழைய_பித்தளை

மாட்டேன் என்றால் மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேகரிப்பவன் என்றே போடுகிறேன். காட்சிக்கு வைக்கிறவருக்குக் காட்டும் கடமையும் உண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டு அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பதில் என்ன கஷ்டம்? அதைப் படிக்கவே பாதிப் பார்வையாளர்கள் நிற்பார்கள்.

---

கிழக்குவாசல்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இழையைக் கைப்பேசியிலேயே காட்டினேன். முதலில் முகம் வாடியது. நிலாமுற்றம் எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய், பீரங்கியின் கைச்சக்கரத்தைச் சுற்றிக் குழலைத் தாழ்த்த ஆரம்பித்துவிட்டார். கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருந்தது, பாதியில் நின்றது; நானும் கை கொடுத்தேன். அதற்குப் பின் இருவருமாக உட்கார்ந்து வெடிகுண்டு அகற்றும் பிரிவுக்குக் கடிதம் எழுதினோம். "தானாக முன்வந்து சோதிக்கக் கேட்கிறார்" என்று முதல் வரியிலேயே போட்டோம்.

வந்தார்கள். எங்கள் எல்லோரையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பீரங்கி காலி. ஷெல்களில் பெரும்பாலானவற்றில் துளை இருந்தது, பிரச்சினை இல்லை. ஓரத்தில் நின்ற சிறிய ரகத்தில் இரண்டைத் தனியாக எடுத்து மணல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மூக்கில் ஃபியூஸ் இறுகியிருந்தது, துளை இல்லை, உள்ளே என்ன என்று அங்கே வைத்துச் சொல்ல முடியாது என்றார்கள். அவற்றைத்தான் அவர் வாரந்தோறும் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்.

புதிதாக எழுதிய மனுவில் அகற்றச் சொல்லும் வரி இல்லை. சான்றிதழ் ஒட்டுவது, வண்டியின் பேட்டரி, மேல்மூடி, ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, இவ்வளவுதான். முதல் கையெழுத்து அவருடையது.

---

நிலாமுற்றம்

அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நானும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்று பேசுகிறேன்.

---

பரண்மேல்

இந்த இழையைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டு வாசலில் குடை வைக்கும் பித்தளைக் குழாய் ஒன்று பல வருஷமாக நிற்கிறது. அது ஷெல் உறை என்று இப்போதுதான் புரிகிறது. பரணில் மேலே கூர்முனையோடு முழுதாக இன்னொன்றும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, ஒன்றும் தெரியாது. குப்பையோடு போட்டுவிடலாமா? காரில் வைத்துக் காவல் நிலையத்துக்கே கொண்டுபோகட்டுமா?

---

முன்னாள்_சேப்பர்

இரண்டும் வேண்டாம். தொடவே வேண்டாம்.

காரில் எடுத்துப்போவது மிக மோசமான யோசனை, ஆனால் நல்லெண்ணத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். 2022 ஏப்ரலில் இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்துக்கு ஒரு சுற்றுலாக் குடும்பம் நினைவுப் பொருளாக ஒரு ஷெல்லையே பையில் கொண்டுவந்தது. பார்த்ததும் கூட்டம் கலைந்து ஓடியதில் ஒருவர் விழுந்து அடிபட்டார். குப்பையோடு போட்டால் நசுக்கும் எந்திரத்தில் போய் விழும்.

பரணில் இருப்பதுதான் முதல் கவலை. ஏற வேண்டாம். அந்த அறையில் யாரும் புழங்க வேண்டாம், கதவைச் சாத்துங்கள். ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் போதும், புதிதாக எடுக்க அருகே போக வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், மேல்முனை இருக்கிறது, எத்தனை நாளாக அசையாமல் இருக்கிறது. அதைக் கேட்டதும் அவர்கள் உரிய பிரிவை அனுப்புவார்கள். உங்களைக் குற்றவாளியாகப் பார்க்க மாட்டார்களா என்ற பயம் வரும். தானாகச் சொன்னவர்களை நாங்கள் எப்போதும் நன்றியோடுதான் பார்த்தோம்.

குடை வைத்த குழாயில் பெரும்பாலும் கேப் மட்டும்தான் மிச்சம் இருக்கும். ஆனாலும் அது உயிரோடு இருந்தால் விரலைப் பிய்க்கும். கவிழ்த்துப் பார்க்காதீர்கள். குடையையும் இப்போது எடுக்க வேண்டாம். வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கட்டும்.

அழைத்துவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.

---

பரண்மேல்

அழைத்துவிட்டேன். மதியத்துக்குள் வருவதாகச் சொன்னார்கள், அதுவரை வீட்டுக்கு வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை அப்படியே வரிசையாகச் சொன்னேன், எதிர்முனையில் இருந்தவர் வேறு எதுவும் கேட்கவே இல்லை. நன்றி ஐயா.

---

சட்டப்பக்கம்

பரண்மேல், அவர்கள் எடுத்துப்போகும்போது எடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் அப்பாவுடையது, நீங்களாகவே ஒப்படைத்தீர்கள் என்ற இரண்டு விவரமும் அதில் இருக்க வேண்டும்.